ஓட்டை இருந்த இடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு வந்தவர்கள் நானும் அப்பாவும். அம்மா வரவில்லை. "உங்கப்பன் செத்ததை ஒரு தடவை பாத்தது போதும்" என்று சொல்லிவிட்டு, சிலமலைக்குக் களையெடுக்கப் போய்விட்டாள். மாயாண்டி மாமா வரவில்லை. அவர் ஆடியில் இறந்துபோனார். தையல்காரர் வரவில்லை, அவர் அதற்கு முந்தின தையிலேயே போய்ச் சேர்ந்திருந்தார். படத்தில் முன்வரிசைச் சிப்பாய்களாக வந்து குண்டடிபட்டு விழுந்த பன்னிரண்டு பேரில் அப்பா என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். மற்ற பதினோரு பேரும் திரையில் மட்டும் இருந்தார்கள்.

குரங்கணிக்கு மேலே உள்ள சரிவில் எடுத்த யுத்தப் படம் அது. கதை நடப்பது பர்மா எல்லைக் காட்டில். எடுத்தபோது அப்பாவுக்குப் பதினேழு வயது. பழைய படங்களைச் சுத்தம் செய்து டிஜிட்டலில் மறுபடி வெளியிடுகிறார்கள் அல்லவா, அந்த வரிசையில் இதுவும் வந்தது. "நம்ம மலை, நம்ம ஆளுக" என்று தியேட்டர்க்காரர் வாசலில் தட்டி வைத்திருந்தார். அப்பாவுக்கு டிக்கெட் கேட்கவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள். அப்பா அன்றைக்கு ட்ரங்குப் பெட்டியைத் திறந்து, அந்தப் படத்துக் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். படியேறும்போது இடுப்புக்கு மேலே கையை ஊன்றிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். "வாயு" என்றார்.

அந்தச் சட்டையின் ஓட்டையை இழையோட்டி அடைத்துக் கொடுத்த தையல்காரரைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும்.

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஏலக்காய் மூட்டை ஏற்றிய லாரிகள் திரும்புகிற சந்தில் அவர் கடை. பெயர்ப்பலகை கிடையாது. ஒரு மிஷின், ஒரு வெட்டுமேசை, ஒரு கரி இஸ்திரிப்பெட்டி. சந்து முழுக்க ஏலக்காய் வாசனை அடிக்கும். அவர் தைத்த துணியைப் புதிதாகப் போட்டுக்கொண்டு போனால் கல்யாண வீட்டுப் பாயசம்போல மணக்கும். ஆள் நெட்டையாக, கொஞ்சம் கூன் விழுந்து, பார்வை மட்டும் ஊசி மாதிரி இருப்பார். கடைக்குள் யார் நுழைந்தாலும் முகத்தைப் பார்க்கமாட்டார். தோளைப் பார்ப்பார், அப்புறம் இடுப்பை. பார்த்து முடித்த பிறகுதான் "என்ன சோலியா வந்தே?" என்று கேட்பார்.

தையல்காரர்கள் பொதுவாக ஆளின் குறையைக் கொஞ்சம் பூசி மறைத்துத்தான் தைப்பார்கள். இவர் மறைக்கமாட்டார். ஒரு அம்மா தன் மகனின் கல்யாணத்துக்குக் கோட்டு தைக்க வந்தபோது நான் அங்கே இருந்தேன்.

"தோள்ல கொஞ்சம் பஞ்சு வைங்கண்ணே. பையன் ஒல்லியா இருக்கான்."

"வைக்கிறேன் ஆத்தா. கல்யாணம் முடிஞ்சு கோட்டைக் கழட்டுவான்ல, அப்ப தோளு எங்கன்னு பொண்ணு கேட்டா நான் வந்து பதில் சொல்லவா?"

அந்த அம்மா துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். மூன்றாம் நாள் அதே துணியோடு திரும்பி வந்தார். போடியில் அவரைப்போல வெட்டுகிறவர் வேறு யாரும் இல்லை.

கை நுழையாத பொய்ப் பாக்கெட் வைக்கமாட்டார். பேஷனுக்குக் கிழித்த பேண்ட்டை யாராவது கொண்டுவந்தால், "விழுந்தியா? எங்க விழுந்தே?" என்று கேட்பார். விழவில்லை என்றால் அந்தக் கிழிசலை அடைத்துவிடுவார். "நடந்தது நடந்த எடத்துல இருக்கணும் அப்பு. நடக்காதது துணியில இருக்கப்படாது." இதை அவர் எத்தனை தடவை சொல்லிக் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

நான் முதன்முதலாக அவரிடம் போனது கல்லூரியில் சேர்வதற்கு முந்தின வாரம். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதிக்கப்போகிற முதல் ஆள் நான். அம்மா இரண்டு சட்டைக்குத் துணி எடுத்துத் தந்திருந்தாள். அவர் அளவு நாடாவை எடுக்கவே இல்லை. என் வலது தோளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எத்தனை வருசம் மூட்டை தூக்குனே?"

"லீவு நாள்ல மட்டும்தான்யா. நாலஞ்சு வருசமா."

"அரை விரக்கடை எறங்கியிருக்கு."

"அது தெரியாத மாதிரி தைக்க முடியுமாய்யா?"

"முடியும். தைக்கமாட்டேன். நீ சொமந்தது நெசம்தானே?"

வலது தோளை அரை விரற்கடை இறக்கி வெட்டியிருந்தார். அதற்கு முன்னும் பின்னும் எந்தச் சட்டையும் என் உடம்பில் அப்படி உட்கார்ந்ததில்லை. கண்ணாடியில் பார்த்தபோது யாரோ என்னை முதல்முறையாகச் சரியாக வரைந்தது போலிருந்தது. அந்த மனுஷனை நான் நம்பியதற்கு அந்தத் தோள்தான் காரணம்.

நான் படிப்பது சரித்திரம் என்று தெரிந்ததும் அவர் படத்தின் கதையை எடுத்தார். துணி வெட்டிக்கொண்டே, பல நாட்களில், துண்டு துண்டாகச் சொன்னார்.

வாலிபத்தில் சில வருஷம் அவர் பட்டாளத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தையல்காரராக இருந்தவர். அதனால் யுத்தப் படம் என்றாலே அவருக்கு எரிச்சல். "சினிமாவுல குண்டு பட்டவன் நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு ஒரு சுத்து சுத்துவான். யாருக்கு சுத்த நேரம் இருக்கு?" என்பார். சினிமாக் கம்பெனியின் உடுப்பு ஆள் இவர் கடையில் ஒரு சாக்குக் கட்டைக் கொண்டுவந்து போட்டாராம். ஏலத்தில் எடுத்த, நிஜமான பட்டாளத்துச் சட்டைகள். பின்வரிசைக்குப் புதுத்துணி போதும். கேமராவுக்குப் பக்கத்தில் வருகிற பன்னிரண்டு பேருக்கு மட்டும் உண்மையானதே வேண்டும் என்று டைரக்டர் பிடிவாதமாம். ஆளுக்குத் தக்கபடி சட்டையைப் பிடித்து, கிழிசல் இருந்தால் அடைத்துக் கொடுக்க வேண்டும்.

"பிரிச்சுப் போட்டேன் அப்பு. பன்னெண்டு சட்டை. ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு ஓட்டை. பூச்சி அரிச்சிருந்தா பத்து எடத்துல அரிச்சிருக்கும். ஆணி இழுத்திருந்தா நீளமாக் கிழியும். இது வட்டமா, சுண்டுவிரல் போற அளவு. மடிப்புத் தையலைப் பிரிச்சேன். எத்தனை வெளுத்தாலும் தையலுக்குள்ள வெளுக்காது பாரு, அங்க காஞ்ச ரத்தம் பழுப்பா இருந்துச்சு."

"பிழைச்சவங்க சட்டையா இருக்கலாமேய்யா?"

"பொழைச்சவன் சட்டை அவன்கூட வீட்டுக்குப் போயிரும். ஏலத்துக்கு வர்றது யாரு சட்டை?"

ஒவ்வொரு சட்டையின் மடிப்பிலிருந்தும் இழை உருவி, அந்த இழையாலேயே அந்தச் சட்டையின் ஓட்டையைப் பின்னி அடைத்தார். காலரின் உள்ளே அழியாத மையால் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண் போட்டார். பிறகு ஒரு தாளில் எண், போடப்போகிற ஆளின் பெயர், ஓட்டை இருந்த இடம் எல்லாம் எழுதிக்கொண்டு, ஜீப்பு பிடித்துக் குரங்கணிக்குப் போய், அங்கிருந்து மேலே நடந்து டைரக்டர் முன்னால் நின்றார். "ரத்தப் பை இந்த எடத்துலதான் வெடிக்கணும். வேற எடத்துல வெடிக்கிறதா இருந்தா சட்டையைத் திருப்பித் தந்துருங்க."

டைரக்டர் அந்தத் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, வெடி வைக்கிற ஆளிடம் கொடுத்தாராம்.

படம் வந்தபோது, பட்டாளத்தில் டாக்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், சிப்பாய்கள் சாகிற விதத்தை இவ்வளவு சரியாகக் காட்டிய படம் இன்னொன்று இல்லை என்று ஒரு பத்திரிகையில் எழுதினார். அந்தத் துண்டு தையல்காரரின் மிஷின் இழுப்பறையில் மடங்கிக் கிடந்தது. ஆனால் யாராவது படத்தைப் பாராட்டினால் அவர் முகம் சுருங்கும். "ரெண்டு பேரு தப்பு" என்பார்.

ஒருவர் என் அப்பா. இன்னொருவர் மாயாண்டி மாமா. அப்பாவோடு ஒரே எஸ்டேட்டில் வேலை பார்த்தவர், அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன்.

தாளின்படி அப்பாவுக்கு ஏழாம் எண் சட்டை. ஓட்டை இடது விலாவுக்குக் கீழே. மாமாவுக்கு எட்டு. ஓட்டை காலரின் வலது ஓரத்தில், தொண்டைக்குப் பக்கத்தில். படப்பிடிப்பு நாளில் மஞ்சு மூடி ஒன்றும் தெரியவில்லை. குளிரில் நடுங்கிக்கொண்டே இரண்டு பேரும் ஒருவர் சட்டையை ஒருவர் மாட்டிக்கொண்டார்கள். வெடி வைத்தவர் சட்டை எண்ணைப் பார்க்கவில்லை. பெயரைக் கூப்பிட்டு வைத்தார். அதனால் படத்தில் அப்பா எட்டாம் எண்ணைப் போட்டுக்கொண்டு விலாவில் அடிபட்டுச் சாகிறார். மாமா ஏழாம் எண்ணைப் போட்டுக்கொண்டு தொண்டையில் அடிபட்டுச் சாகிறார். ஊரில் முதல் ஆட்டம் பார்த்த அன்று தையல்காரர் பெஞ்சிலிருந்து எழுந்து நின்று, "நிப்பாட்டு! சட்டை மாறிக் கெடக்கு!" என்று கத்தினாராம். ஜனங்கள் சிரித்து உட்கார வைத்திருக்கிறார்கள்.

கம்பெனி போகும்போது, கடைசி இரண்டு நாள் கூலிக்குப் பதிலாக, போட்டிருந்த சட்டையை அவரவரே வைத்துக்கொள்ளச் சொன்னது. எங்கள் ஆட்கள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். ஏலத்தோட்டத்துக் குளிருக்கும் அட்டைக்கும் அத்தனை கனமான துணி காசு கொடுத்தாலும் கிடைக்காது. செத்தவன் சட்டை என்று யாரும் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் துவைத்துப் போட்டிருப்பார்கள்.

அதற்கப்புறம் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முயல்கிறேன். மூன்றாம் எண்காரர் நிழல்மரத்தில் கிளை கழித்தபோது, முறிந்த கிளை பின்தோளில் இறங்கிச் செத்தார். பதினோராம் எண்காரர் போடிமெட்டு வளைவில் ஜீப்பு கவிழ்ந்து, மேல்கையில் கம்பி குத்தி, ரத்தம் நிற்காமல் செத்தார். இரண்டாம் எண்காரருக்கு வயிற்றில் புண். ஒவ்வொரு சாவு வீட்டுக்கும் தையல்காரர் போனார். மாலை கொண்டுபோகமாட்டார், அழமாட்டார். குளிப்பாட்டியவர்களிடம் மெதுவாக, "எங்கன?" என்று கேட்பார். அவர்கள் காட்டுவார்கள். தலையசைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஊரில் அவருக்கு "எமனுக்கு அளவெடுக்கிறவர்" என்று பேர் வந்தது. சந்தில் அவர் வந்தால் பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். என்றாலும் தீபாவளிக்குத் துணி அவரிடம்தான் போகும்.

நான் எம்.ஏ. படித்தபோது, சாவு ஓட்டை இருந்த இடத்தில்தான் வந்ததா என்று விசாரித்தேன். இறந்த பத்துப் பேரில் ஆறு பேரின் வீட்டில் கேட்டு உறுதி செய்ய முடிந்தது. நான்கு பேருக்கு அவர் வார்த்தை மட்டும்தான் ஆதாரம். மனுஷனுக்குச் சாவு வருவது பெரும்பாலும் சட்டை மூடுகிற இடத்தில்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நினைப்பில் எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

அவருக்கு நிம்மதி இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். "அந்தச் சட்டையைக் கொண்டாப்பா. மாயாண்டிகிட்டயும் வாங்கி, மாத்திக் குடுத்துர்றேன்."

அப்பா கையெடுத்துக் கும்பிடுவார். "வேணாம்ணே. அது அப்படியே கெடக்கட்டும்."

"தப்பா இருக்கேப்பா."

"இருந்துட்டுப் போகுதுண்ணே. நாங்களும் இருந்துட்டுப் போறோம்."

மாமா அங்கே இருந்தால் சத்தம் போட்டே சிரிப்பார். "மாப்ளே, எமன் என்னையத் தேடிக்கிட்டு வெரசா வர்றான். வந்து காலரைப் புரட்டி நம்பரைப் பாக்குறான். 'அட, இது அவன் இல்லையே'ன்னு திரும்பிப் போயிர்றான். அதைப் போயி இந்த மனுசன் சரி பண்றேங்கிறாரு பாரு!" சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் தையல்காரர் தெருமுனை திரும்புகிறவரை மாமாவின் கண் அவர் முதுகிலேயே இருக்கும். பன்னிரண்டு பேரில் இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் அப்போது மீதி.

போன வருஷம் ஐப்பசி மழையில் நான் அவரைப் பார்க்கப் போனேன். ஒரு கண் முழுக்க மங்கிவிட்டது. கடையைப் பாதி நேரம் திறப்பதில்லை. கை மட்டும் மடியில் கிடந்த வெற்றுத்துணியில் தைத்துக்கொண்டே இருந்தது.

"பத்து நேரா வந்துச்சு அப்பு. ரெண்டு கோணலா நிக்குது. இந்தக் கண்ணும் போயிருச்சுன்னா அப்புறம் நான் எதை வச்சுச் சரி பண்றது?"

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதோடு என்னிடம் வேறொரு நினைப்பும் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். தப்பு என்று தெரிந்த ஒன்றைத் திருத்தாமல் விடுவது படித்தவனுக்கு அழகில்லை என்று நான் நினைத்தேன். அப்பாவின் பயத்தை மூடநம்பிக்கை என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அப்படி நினைக்கப் படித்திருந்தது நான் ஒருவன்தான்.

அப்பா தோட்டத்துக்குப் போயிருந்த பகலில் ட்ரங்குப் பெட்டியிலிருந்து சட்டையை எடுத்தேன். மாமாவிடம், படத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும், போட்டோ எடுத்துவிட்டுத் தருகிறேன் என்றேன். "எழுது மருமகனே, எம் பேரைப் பெருசாப் போடு" என்று எடுத்துத் தந்தார். இரண்டையும் கடைக்குக் கொண்டுபோனேன்.

தையல்காரர் காலரைப் புரட்டி எண்ணைப் பார்த்தார். ஏழாம் எண்ணின் விலாப்பக்கத்தில் விரலை வைத்தார். மற்றதில் காலரின் ஓரத்தில் வைத்தார். இத்தனை வருஷம் கழித்தும் தேடவில்லை. விரல் நேராக அங்கே போனது.

"உங்கப்பனைக் கேட்டியா?"

"கேட்டேன்யா."

"மாயாண்டியை?"

"அவரையும்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வழக்கம்போல வலது தோளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இப்போது நினைக்கும்போது, அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியவில்லை.

இழை இரண்டிலும் தளர்ந்திருந்தது. மறுபடி மடிப்பிலிருந்து உருவி, இரண்டு நாள் உட்கார்ந்து ஓட்டித் தந்தார். தனித்தனியாகத் தினத்தாளில் சுற்றிக் கொடுத்தார். "இது உங்கப்பனுக்கு. இது மாயாண்டிக்கு. வழியில மாத்திராத." கூலியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வேலை செய்துவிட்டுக் கூலி வாங்காமல் இருப்பதும் அவர் கணக்கில் ஒரு பொய். பிறகு நாற்காலியில் சாய்ந்து, "நேராயிருச்சு" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அன்றைக்கே ஏழாம் எண்ணை ட்ரங்குப் பெட்டியில் வைத்தேன், எட்டாம் எண்ணை மாமாவிடம் கொடுத்தேன். தையில் தையல்காரர் இறந்தார். பகலில், வெட்டுமேசைமேல் தலை சாய்த்தபடி. குளிப்பாட்டியவர்கள் அவர் உடம்பை அங்குலம் அங்குலமாகத் தேடினார்களாம். எங்கும் ஒன்றும் இல்லை.

மாசியில் மாயாண்டி மாமாவுக்குக் குரல் கம்மியது. பனி என்று கஷாயம் குடித்தார். பங்குனியில் கட்டி வெளியே தெரிந்தது. ஆடியில் முடிந்துவிட்டது. அன்றைக்கு அந்த வீட்டு முற்றத்தில், நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமலே, குளிப்பாட்டியவரிடம் போய் மெதுவாகக் கேட்டேன். "எங்கன?"

அவர் தன் கழுத்திலேயே தொட்டுக் காட்டினார். வலது பக்கம், காலர் வருகிற இடம்.

யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் இந்தப் படம் தியேட்டருக்கு வந்தது.

டிஜிட்டலில் எல்லாம் பயங்கரத் தெளிவாக இருந்தது. சரிவில் மஞ்சு இறங்கியது. இளம் பையன்களாக அவர்கள் வரிசையாக ஏறி வந்தார்கள். பதினோராம் எண்காரர் மேல்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்; சுற்றவில்லை, கத்தவில்லை, வேலை முடிந்து உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார். ஒவ்வொருவர் விழும்போதும் அப்பா வாய்க்குள் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார். இடைவேளைக்கு விளக்குப் போட்டார்கள்.

அப்பா கையை நீட்டி மடக்கிப் பார்த்தார். "என்னமோ இன்னைக்கு இந்தச் சட்டை அளவா இருக்குப்பா. எப்பவும் கை முழங்கைக்கு ஏறிக்கிரும்."

அவர் மேல்பொத்தானைக் கழற்றிக் காலரை முன்னால் இழுத்தார். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. எண் தெரியும்.

"ஏழு" என்றார். மறுபடி, "ஏழுல்ல போட்டிருக்கு."

விளக்கு அணைந்தது. திரையில் அப்பா வந்தார். பதினேழு வயது. காலரின் வலது ஓரத்தில் அந்தப் பழைய இழையோட்டம் பளிச்சென்று தெரிந்தது. வெடித்தது விலாவில். படத்தில் இருந்த தப்பு படத்தில் அப்படியேதான் இருந்தது. சரியாகியிருந்தது என் பக்கத்து நாற்காலிதான். திரையில் அந்தப் பையன் இடது விலாவைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டபோது, இருட்டில் அப்பாவின் கையும் அதே இடத்துக்குப் போனதைப் பார்த்தேன். விரல் இழையோட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்து அங்கேயே நின்றது. பிறகு மாமா விழுந்தார். தொண்டையைப் பிடித்துக்கொண்டு.

"யாரு மாத்துனது?" அப்பா திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"நாந்தான்ப்பா."

"மாயாண்டிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

படம் முடிந்தது. விளக்குப் போட்டதும் ஜனங்கள் அவரைப் பார்த்துக் கைதட்டினார்கள். தியேட்டர்க்காரர் சால்வையோடு வந்தார். அப்பா எழுந்து, ஒவ்வொரு பொத்தானாகக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, சால்வையை வாங்கிக்கொண்டு, எல்லோரையும் கும்பிட்டார். அந்த இடைவெளியில்தான் என் பக்கம் குனிந்தார்.

"தையக்காரண்ணன் கூலி எவ்வளவு வாங்குனாரு?"

"சட்டைக்கு இருபதுப்பா. ரெண்டுக்கும் சேத்து நாப்பது ரூபா."